வாரிசுச் சான்றிதழில் நாலாவது பெயர்

அப்பாவின் கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாடகைப் பாத்திரங்களை எண்ணி வண்டியில் ஏற்றும் சத்தத்துக்கு நடுவே, தாய்மாமா என்னையும் தம்பியையும் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். "நாள் கடத்தாம வாரிசு சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டுருங்கப்பா. அம்மா, நீ, தம்பி, மூணு பேரு. அப்பத்தாவை இதுல இழுக்க வேணாம். அப்புறம் அத்தை, சித்தப்பான்னு அது எங்கயோ போயிரும்."

நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். அப்பத்தாவுக்கு அப்போது 86 வயது. மூத்த மகனைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் சுருண்டு கிடந்தார். அவரிடம் போய் சொத்து, பங்கு என்று பேசுவதே பாவம் என்று தோன்றியது. அவர் பெயரை விட்டுவிடுவது அவருக்குச் செய்கிற நன்மை என்றே அன்றைக்கு நினைத்தேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தையும் அதற்குப் பின் நடந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் வயதான பாட்டி இருக்கும்போதே அப்பாவை இழந்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், எங்களுக்கு ஆன அலைச்சலில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகும்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் வரும். 1996-இல் இடம் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. 63 வயதில் நெஞ்சுவலி. மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து, மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார். உயில் இல்லை. உயில் என்பது எஸ்டேட் முதலாளிகள் எழுதுவது என்று எங்கள் வீட்டில் எல்லோருமே நினைத்திருந்தோம்.

முதல் தவறு மருத்துவமனையிலேயே நடந்தது. இறப்பு விவரப் படிவத்துக்குப் பெயர் கேட்டார்கள். தம்பி அழுதுகொண்டே வாயால் சொன்னான். அவன் சொன்னபடி எழுதினார்கள். அப்பாவின் பெயரில் ஒரு கால் விடுபட்டு, தாத்தாவின் பெயர் சுருக்கமாகப் பதிவானது. இறந்தது மதுரையில் என்பதால் சான்றிதழும் மதுரை மாநகராட்சியிலிருந்துதான் வரும், சொந்த ஊரிலிருந்து வராது என்பதே எங்களுக்குத் தெரியாது. திருத்தம் வாங்க நாலு முறை பஸ் ஏறினோம். அந்த நேரத்தில் யாருக்கும் நிதானம் இருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் உறவில் கொஞ்சம் தெளிவாக இருக்கும் ஒருவர் கையில் இறந்தவரின் ஆதார் அட்டையைக் கொடுத்து, அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து சொல்லச் சொல்லுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் அபராதக் கட்டணம் கிடையாது. மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். சான்றிதழில் குறைந்தது பத்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேங்க், எல்.ஐ.சி., தாலுகா ஆபீஸ், ரேஷன் கார்டு, கேஸ், ஈ.பி. என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

அப்புறம் அப்பா வைத்துவிட்டுப் போனவற்றைத் தேடத் தொடங்கினோம். தேடினோம் என்பதுதான் சரியான சொல். கடையில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இரண்டு பிக்சட் டெபாசிட் ரசீது. சாமி படத்துக்குப் பின்னால் ஒரு பாலிசிப் பத்திரம். பீரோவில் வீட்டுப் பத்திரம், அதோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு நகைக்கடன் சீட்டு. அந்தச் சீட்டைப் பார்த்ததும் அம்மா உட்கார்ந்துவிட்டார். அவருடைய ரெட்டை வடச் சங்கிலி லாக்கரில் இருப்பதாகத்தான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு உதவியது ஒரு நீள நோட்டு. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் "வர வேண்டியது", வலது பக்கம் "கொடுக்க வேண்டியது". செப்புக் கம்பி வாங்கிய இடத்தில் 22,400 பாக்கி. மேலத்தெரு 5 எச்.பி. மோட்டாருக்கு 1,800 வர வேண்டியது. ஒரு வரியில் ஆளின் பெயர்கூட இல்லை, "புளியமரத்து வீடு, 600" என்று மட்டும். பதினாறு நாளுக்குள் ஏழு பேர் தாங்களாகவே வந்து பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு வரியையும் அடிக்கும்போது தம்பி அப்பா எழுதிய அதே நீலப் பேனாவால்தான் அடித்தான். கம்பிக் கடைக் கடனை அம்மா முதலில் தீர்க்கச் சொன்னார். சட்டப்படி பார்த்தால், இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் அவர் கடனுக்குப் பொறுப்பு. அதற்கு மேல் கைக்காசு போட வேண்டியதில்லை. கந்துவட்டிக்காரர்கள் வந்து மிரட்டும் வீடுகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பணம் எடுக்கும் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் ஏ.டி.எம். கார்டு தம்பியிடம் இருந்தது, பின் நம்பரும் தெரியும். காரியச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். சித்தப்பா ஒருவர்தான் கார்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "செலவுக்கு நான் தர்றேன், அவன் அக்கவுண்ட்டைத் தொடாதீங்க" என்றார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பேங்கில் கணக்கு முடிக்கப் போனபோது, இறந்த தேதிக்குப் பின் ஏதாவது எடுத்திருக்கிறீர்களா என்றுதான் முதலில் பார்த்தார்கள். கணக்குக்காரர் இறந்த நொடியிலிருந்து அந்தப் பணம் எல்லா வாரிசுக்கும் பொது. ஒருவர் எடுப்பது மற்றவர் பங்கிலும் கை வைப்பதுதான். ஆனால் அப்பாவின் சிம் கார்டை மட்டும் உடனே ரத்து செய்துவிடாதீர்கள். எந்தெந்த இடத்தில் கணக்கு இருக்கிறது என்பதை அதற்கு வரும் குறுஞ்செய்திகள்தான் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தன.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். மூன்று பெயர். பத்து நாளில் வி.ஏ.ஓ. விசாரணைக்கு வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். அப்பத்தாதான் எழுந்து போய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார், "நீங்க யாரு பெரியம்மா?"

"செத்தவன் ஆத்தா."

வி.ஏ.ஓ. செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "இவங்க பேரு இதுல இல்லையேம்மா" என்று மெதுவாகத்தான் சொன்னார். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி நாலு பெயரோடு போட்டோம்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சொத்து மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமமாகப் போகிறது. தாய் என்பது இறந்தவரின் தாய். தந்தைக்கு அந்த முதல் வரிசையில் இடம் இல்லை, தாய்க்கு இருக்கிறது. எங்கள் வீட்டுக் கணக்கில் அம்மாவுக்குக் கால், எனக்குக் கால், தம்பிக்குக் கால், அப்பத்தாவுக்குக் கால். அப்பா இறந்த அந்த விடியற்காலையிலேயே, யாருடைய கையெழுத்தும் இல்லாமல், எங்கள் வீட்டில் நாலில் ஒரு பங்கு அப்பத்தாவுக்குச் சொந்தமாகிவிட்டது. அதைத்தான் நாங்கள் இல்லை என்று எழுதிக்கொடுக்கப் பார்த்தோம். இது இந்துக்களுக்கான கணக்கு. முஸ்லிம் குடும்பங்களிலும் தாய்க்குப் பங்கு உண்டு, பிள்ளைகள் இருந்தால் ஆறில் ஒன்று. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் தாய்க்கு இல்லை.

பெண்பிள்ளைகள் பங்கைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடமே பலர் "உனக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சே" என்றார்கள். அப்பா தானே சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1956-லிருந்தே உண்டு. கல்யாணம் ஆனதா, எப்போது ஆனது என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை. தேதிகள் வருவது பூர்வீகச் சொத்தில்தான். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமாகாத மகள்களுக்கு அந்த உரிமை முதலில் வந்தது. 2005 செப்டம்பர் 9-இல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இரண்டையும் குழப்பி, மகள்களை வாயடைக்கிறார்கள்.

அப்பத்தா பெயரை மறைத்து மூன்று பேருக்குச் சான்றிதழ் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொய்யாக உறுதிமொழி கொடுத்த குற்றம் ஒரு பக்கம். நாளை வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ போனால், வாங்குபவரின் வக்கீல் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, "இறந்தவரின் தாயார் எப்போது காலமானார்?" என்பது. மகனுக்குப் பின் காலமானார் என்றால் அவர் பங்கு எங்கே என்று பத்திரத்தில் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் பத்திரத்தில் ஓட்டை. இருபது வருடம் கழித்து, எல்லோரும் போன பிறகு, நம் பிள்ளைகள் அத்தை பேரன்களைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டி வரும்.

மாமா பயந்ததிலும் ஒரு உண்மை இருக்கிறது. அப்பத்தா எதுவும் எழுதாமல் போனால், அவருடைய கால் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். சித்தப்பாவுக்கு ஒரு பாகம், அத்தைக்கு ஒரு பாகம், அப்பாவின் பாகம் எனக்கும் தம்பிக்கும். மருமகளான அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்குச் சிமெண்டு மூட்டை இறக்கியபோது கூடவே நின்று தண்ணீர் ஊற்றியவர் அம்மா. சட்டத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.

பாலிசிப் பத்திரத்தை எல்.ஐ.சி.க்கு எடுத்துப்போனபோது இன்னொன்று தெரிந்தது. கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆயுள் முழுவதுக்குமான பாலிசி அது. நாமினி அப்பத்தா. அப்பா அதை மாற்றவே இல்லை. நாமினி என்றால் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர், அவ்வளவுதான் என்று 1983-இலேயே உச்ச நீதிமன்றம் எல்.ஐ.சி. வழக்கொன்றில் சொன்னது. பேங்க் டெபாசிட்டுக்கு இன்றும் அந்தக் கணக்குதான். ஆனால் இன்சூரன்சில் 2015-இல் சட்டம் மாறியது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் இவர்களில் ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால் பணம் அவருக்கே உரிமையாகிறது. ஆக, மூன்று பேர் போதும் என்று நாங்கள் முடிவு செய்த வீட்டில், முதலில் கைக்கு வரக்கூடிய பணம் அப்பத்தாவுடையது.

அந்தப் பணம் வர அவருக்கு ஒரு கணக்கு வேண்டும். நூறு நாள் வேலைக்காக எப்போதோ திறந்த கணக்கு செயலில்லாமல் கிடந்தது. பேங்குக்குக் கூட்டிப்போனேன். கைரேகை மெஷினில் கட்டை விரலை வைத்தார். விழவில்லை. துணியால் துடைத்து மறுபடி வைத்தார். விழவில்லை. பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். அவர் விரல் நுனியைப் பிடித்து அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். ஐம்பது வருடம் புளி தட்டிக் கொட்டை எடுத்த விரல்கள். வழவழவென்று, தேய்ந்த ஆற்றுக் கல் மாதிரி, ஒரு கோடுகூட இல்லை. கடைசியில் கண் கருவிழியை வைத்துத்தான் வேலை முடிந்தது. வயதானவர்களுக்குக் கைரேகை விழாவிட்டால் கருவிழி மூலம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லாக் கிளையிலும் அந்தக் கருவி இருக்காது. எங்களுக்கு இரண்டாவது இடத்தில்தான் கிடைத்தது.

ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொச்சம் வந்தது. அப்பத்தாவிடம் பாஸ்புக்கைக் காட்டித் தொகையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தச் சங்கிலி எவ்வளவுக்கு இருக்கு?" என்று கேட்டார். நகைக்கடன் சீட்டைப் பற்றி யாரும் அவரிடம் சொன்னதில்லை. திண்ணையில் படுத்திருப்பவர் காதில் எல்லாம் விழத்தான் செய்கிறது. அந்த வாரமே நாலு வாரிசும் கையெழுத்து, ரேகை வைத்துச் சங்கிலியை மீட்டோம்.

இனி வீடு. எங்கள் ஊர்ப் பத்திரம் எழுதுபவர், அப்பத்தாவிடமிருந்து பேரன் பேத்திக்கு ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம், வாங்கிவிடலாம் என்றார். குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஒன்று, உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் அதேபோல் ஒன்று, உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையிலிருந்து இந்த வரம்பு. சுலபமான வழிதான். தம்பிக்கும் அதுதான் சரி என்று பட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. விடுதலை எழுதிக் கொடுத்த நிமிடத்திலிருந்து, மகன் வீட்டில் அவருக்கு ஒரு செங்கல்கூட உரிமை இல்லை. நாங்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். நாளை நானும் தம்பியும் மனஸ்தாபப்பட்டால்? உயிரோடு இருக்கும் வயதானவர்களிடம் சொத்தை எழுதி வாங்குவதில் நம் ஊரில் காட்டும் அவசரம் எனக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் கையில் பங்கு இருக்கிறது என்பதே அவர்களுக்கு ஒரு பலம்.

வாரிசுச் சான்றிதழைக் கொடுத்து நாலு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கினோம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் சித்தப்பாவையும் வரச்சொல்லி, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பத்தா பங்கு இவ்வளவு, எழுதாமல் விட்டால் உங்களுக்கு இவ்வளவு வரும் என்று தாளில் போட்டுக் காட்டினேன். மாமா பயந்த சண்டை வரவே இல்லை. அத்தை தாளைப் படித்துவிட்டு, "எங்கண்ணன் வீட்டுல எனக்கு எதுக்குடி பங்கு? வந்தா ஒரு வாய் சோறு போடு" என்றார். சித்தப்பா மட்டும், "எங்க ஆத்தா என்ன நினைக்குதோ அதை எழுதட்டும். நாம யாரும் சொல்லிக் குடுக்கக் கூடாது" என்றார். எல்லாக் குடும்பத்திலும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மறைத்திருந்தால் எங்கள் குடும்பத்திலும் இப்படி முடிந்திருக்காது.

அப்பத்தா உயில் எழுதினார். தன் கால் பங்கு தன் காலத்துக்குப் பிறகு மருமகளுக்கு என்று. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்தோ ரேகையோ வைப்பதைப் பார்த்த சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவர்கள் சாட்சியாக இல்லாமல் இருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனால் எழுதுபவருக்கு 86 வயது என்பதால், தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று ஒரு டாக்டரிடம் சான்று வாங்கிப் பதிவும் செய்தோம். உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்பதை அவருக்கு இரண்டு முறை சொன்னேன். சார்பதிவாளர் எங்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரிடம் மட்டும் கேட்டார், "பாட்டி, யாரும் சொல்லி எழுதுறீங்களா? நீங்களா எழுதுறீங்களா?" காது மந்தம் என்பதால் அப்பத்தா பதில் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "நானாத்தான். அவதான் எனக்குக் கஞ்சி ஊத்துறா."

அம்மா கதவோரம் நின்றிருந்தார். மாமியாருக்கும் மருமகளுக்கும் முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பும்போதும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அப்பத்தா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

பிஸ்கட் டப்பாவில் கிடைத்த இரண்டு டெபாசிட்டில், நாமினி இல்லாத ஒன்று மட்டும் இழுத்தடித்தது. நாமினி உள்ள ரசீதுக்கு, எல்லாத் தாளும் கொடுத்தபின் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அப்படியே வந்தது. நாமினி இல்லாததற்கு நாலு வாரிசின் சம்மதக் கடிதம், உத்தரவாதப் பத்திரம் என்று ஐந்து மாதம். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதற்கு ஐந்து மாதம். இப்போது 2025 நவம்பரிலிருந்து ஒரே கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரித்து எழுதலாம். எங்காவது மறந்துபோன பழைய டெபாசிட் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் இறந்தவரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பத்து வருடம் யாரும் கேட்காத பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனாலும் வாரிசுகள் பிறகு கேட்டு வாங்க முடியும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவின் நீள நோட்டு சாமி அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தால், பின்பக்கத்திலிருந்து தொடங்கி அம்மா எழுதியிருக்கிறார். ஐந்தாவது வரை படித்தவர். அப்பா போட்ட மாதிரியே நடுவில் கோடு. எந்த பேங்க், எந்தப் புத்தகம், சங்கிலி எங்கே, பத்திரம் எந்தத் தட்டில், குழுவில் எத்தனை தவணை பாக்கி. கம்மல் பேத்திக்கு. ஒரு கணக்குக்கு நேரே மட்டும் "நாமினி" என்று எழுதி இடம் விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"உன்னையும் தம்பியையும் சேத்துப் போடலாம்னு சொன்னியே, அதுக்கு பாரம் வாங்கணும்ல. திங்கக்கிழமை இருப்பியா?"

இருப்பேன் என்றேன்.